பழைய படகு இன்ஜின்ல பிஸ்டன் போயிடுச்சா? புதுசு போடுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

"அண்ணே, பிஸ்டன் மட்டும்தாண்ணே போயிருக்கு. புது செட் போட்டா ஓடிடும்." பழைய படகு இன்ஜின் கைமாறும் இடத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பெரும்பாலும் இதில் பொய் இருக்காது. பிஸ்டன் போயிருப்பது உண்மைதான். ஆனால் அது ஏன் போச்சு என்பதை விற்பவர் சொல்வதில்லை. பல நேரம் அவருக்கே தெரியாது. காரணம் தெரியாமல் புது பிஸ்டன் போட்டால், அதுவும் பழைய பிஸ்டன் போன வழியிலேயே போகும். சில சமயம் முதல் நாளே!

புதுக்கோட்டை மாவட்டம் மணமேல்குடி தாலுகாவில், கிழக்கு கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது கட்டுமாவடி. மீன் மார்க்கெட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். வடக்கே கொஞ்ச தூரம் போனால் தஞ்சாவூர் மாவட்டம். தெற்கே போனால் விசைப்படகுகள் நிற்கும் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும். இந்தக் கரையில் ஃபைபர் படகும் நாட்டுப்படகும் வைத்திருப்பவர்களுக்கு இன்ஜின்தான் பெரிய செலவு. புது இன்ஜினுக்கு மானியம் தரும் திட்டம் மீன்வளத்துறையிடம் உண்டு. ஆனால் மானியம் கைக்கு வரும் வரை கடலுக்குப் போகாமல் இருக்க முடியுமா? அதனால் பலரும் பழைய இன்ஜினை வாங்கி, வேலை பார்த்து ஓட்டுகிறார்கள்.

பாதிக் கடலில் இன்ஜின் நின்றால் அன்றைய மீன்பாடு போவது மட்டும் பிரச்சினை இல்லை. பாக் விரிகுடா குறுகலான கடல். இந்தியாவும் இலங்கையும் 1974லும் 1976லும் போட்ட ஒப்பந்தங்களில் வகுத்த எல்லைக்கோடு குறுக்கே இருக்கிறது. இன்ஜின் இல்லாத படகு காற்றும் நீரோட்டமும் இழுக்கும் பக்கம்தான் போகும். எல்லை தாண்டிய பிறகு "இன்ஜின் நின்னுடுச்சு" என்று சொன்னால் எல்லா நேரமும் எடுபடாது.

சரி, பழைய இன்ஜினை வாங்கும் முன்பும், பிரித்து வேலை பார்க்கும் முன்பும் என்னென்ன பார்க்கணும்?

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் ஏன் சீக்கிரம் போகுது?

படகின் பின்பக்கம் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின்களில் பழையவை பெரும்பாலும் டூ-ஸ்ட்ரோக் வகை. ஒரு காலத்தில் ஊரே விரும்பி ஓட்டிய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் இருக்கே, அதே தத்துவம்தான். கனடாவில் பனி மேல் ஓட்டும் ஸ்னோமொபைல் வண்டிகளிலும் இந்த வகை இன்ஜின் உண்டு. பழைய ஸ்னோமொபைல் வாங்குபவர் பிரித்துப் பார்க்கும் பிஸ்டனிலும், கட்டுமாவடிக் கரையில் பிரித்துப் பார்க்கும் பிஸ்டனிலும் ஒரே மாதிரி காயங்களைப் பார்க்கலாம். அங்கே பனி, இங்கே உப்புத் தண்ணி. அவ்வளவுதான் வித்தியாசம்!

கார், லாரி இன்ஜின்களில் ஆயிலுக்குத் தனி அறை இருக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் அது கிடையாது. எரிபொருளோடு கலந்து வரும் ஆயில்தான் பிஸ்டன், பேரிங் எல்லாவற்றையும் வழவழப்பாக வைத்திருக்கிறது. அதனால் எரிபொருள் குறைந்தால் ஆயிலும் சேர்ந்தே குறையும். சூடு கூடும், வழவழப்பு குறையும், ரெண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் வினாடிக்கு 83 முறை தீ எரிகிறது. அந்த வேகத்தில் சில வினாடி ஆயில் போகலைன்னாலே அலுமினிய பிஸ்டன் சிலிண்டர் சுவரில் ஒட்ட ஆரம்பிச்சிடும். இதைத்தான் 'சீஸ் ஆயிடுச்சு' என்கிறார்கள்.

வாங்கும் இடத்திலேயே என்ன பார்க்கலாம்?

முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்க. நீங்க போகும்போதே சூடாக இருந்தால், உங்களுக்காக முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். குளிர்ந்த நிலையில் கஷ்டப்பட்டு ஸ்டார்ட் ஆகும் இன்ஜின், சூடானதும் நல்ல பிள்ளை மாதிரி ஒரே இழுப்பில் கிளம்பும். ஆற விட்டு, நீங்களே கயிறை இழுத்துப் பார்ப்பதே சரி.

ஸ்டார்ட் பண்ணாமல் கயிறை மெதுவாக இழுங்க. ரெண்டு சிலிண்டர் இன்ஜின் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் ரெண்டு இடத்தில் கை இறுகணும். ஒரு இடத்தில் மட்டும் இறுகி இன்னொரு இடத்தில் லேசாகப் போனால், ஒரு சிலிண்டர் போயிருக்கு. கரகரன்னு உரசும் சத்தமோ, மணல் அரைபடுற மாதிரி உணர்வோ இருந்தால் பேரிங்கைச் சந்தேகப்படணும். மேல் மூடியைக் கழற்றி ஃப்ளைவீலை மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்க. நன்றாக ஆடினால் பிரச்சினை பிஸ்டனோடு நிற்கவில்லை. கிராங்க் வரை செலவு போகும். அந்த நிலையில் 'பிஸ்டன் மட்டும்தான்' என்ற பேச்சுக்கு விலை கொடுக்கக் கூடாது.

அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட். கேஜ் இல்லாத மெக்கானிக்கை இன்ஜின் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவதில் பிரயோஜனம் இல்லை. ரெண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒயர்களை இன்ஜின் பாடியில் எர்த் பண்ணணும். இல்லைன்னா சில மாடல்களில் சிடிஐ யூனிட் போயிடும். த்ராட்டிலை முழுசா திறந்து, கேஜ் முள் ஏறுவது நிற்கும் வரை கயிறை இழுக்கணும். ரெண்டு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கை இழுப்பு முக்கியம்.

எவ்வளவு காட்டணும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜின்களில் கம்ப்ரஷன் குறைவாகத்தான் வைத்திருப்பார்கள். அதனால் எண்ணைவிட ரெண்டு சிலிண்டருக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைப் பாருங்க. 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒன்று 110 பிஎஸ்ஐ, இன்னொன்று 80 பிஎஸ்ஐ என்றால் வித்தியாசம் 27 சதவீதம். உள்ளே ஏதோ உடைந்திருக்கு அல்லது தேய்ந்திருக்கு.

குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு சின்ன ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. ரீடிங் நன்றாக ஏறினால் ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கு. ஏறவே இல்லைன்னா பிஸ்டனில் ஓட்டை இருக்கலாம், ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். இதில் ஒரு உஷார். விற்பவர் முன்கூட்டியே சிலிண்டருக்குள் ஆயில் விட்டு வைத்திருந்தாலும் ரீடிங் அழகாக ஏறும். கழற்றும்போதே பிளக் ஆயிலில் குளிச்ச மாதிரி வந்தால், துடைத்துவிட்டு இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டி, ஆற விட்டு, திரும்பவும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க.

கம்ப்ரஷன் நல்லா இருந்தா போதுமா?

போதாது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பிஸ்டனின் கீழ்ப்பகுதி, அதாவது ஸ்கர்ட், கீறல் விழுந்து பாதி ஒட்டிப் பிரிந்திருந்தாலும் ரிங் நன்றாக இருந்தால் கேஜில் நல்ல எண்ணே காட்டும். கிராங்க் ஆயில் சீல் போயிருந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட்டில் தெரியவே தெரியாது.

இதற்கு இப்போது ஒரு சுலபமான வழி இருக்கு. மொபைல் போனில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமரா ஆன்லைனில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. பிளக் ஓட்டை வழியே உள்ளே விட்டால் பிஸ்டன் தலையும் சிலிண்டர் சுவரும் போன் திரையில் தெரியும். சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக நீளக் கோடுகள், வெள்ளி பூசின மாதிரி அலுமினியத் தீற்றல் இருந்தால் அந்த இன்ஜின் ஏற்கெனவே ஒருமுறை சீஸ் ஆகியிருக்கு. புகை வெளியேறும் போர்ட் பக்கம் உள்ள கவரைக் கழற்ற முடிந்தால், அதன் வழியே பிஸ்டனின் பக்கவாட்டையும் ரிங்கையும் நேரடியாகவே பார்க்கலாம்.

பிளக்கையும் தூக்கிப் போடாதீங்க. காப்பித்தூள் நிறம் என்றால் நல்ல அறிகுறி. வெள்ளை வெளேர்னு இருந்தால் சூடு அதிகம், எரிபொருள் கம்மி. பிளக் முனையில் சின்னச் சின்ன வெள்ளி மணிகள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டனில் இருந்து உருகி வந்த அலுமினியம். அந்த இன்ஜினுக்கு ஆபரேஷன் உறுதி!

பிரிச்சாச்சு... முதல்ல கழுவிடாதீங்க!

இன்ஜினை வாங்கி, பிரிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டால் முதலில் வருவது ஒரு கெட்ட பழக்கம். கழற்றியதும் எல்லாவற்றையும் பெட்ரோல் டப்பாவில் போட்டுப் பளபளன்னு கழுவி வைப்பது. காரணம் கண்டுபிடிக்க உதவும் தடயம் முழுக்க அதோடு போயிடும். கார்பன் படிந்த விதம், எண்ணெய்ப் பசை இருந்த இடம், உப்புக் கறை எல்லாமே சாட்சிகள். கழுவும் முன் மொபைலில் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, மேல் சிலிண்டர் பிஸ்டன் எது, கீழ் சிலிண்டர் பிஸ்டன் எது, எந்தப் பக்கம் புகைப் போர்ட் என்று மார்க்கரில் எழுதி வைக்கணும்.

அதுக்கப்புறம் பிஸ்டனே பேசும்.

புகை வெளியேறும் பக்கம் மட்டும் தேய்ந்து கீறியிருக்கா? அது இன்ஜினிலேயே சூடான பக்கம். எரிபொருள் குறைவாகப் போயிருக்கு, அல்லது தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை. கலவை உள்ளே வரும் பக்கத்தில் மெல்லிய கீறல்கள் இருந்தால் ஆயில் கம்மி, எரிபொருளில் தண்ணீர், அல்லது மணல், அழுக்கு உள்ளே போயிருக்கு.

வட்டத்தில் நான்கு மூலைபோல நான்கு இடத்தில் தேய்மானம் இருந்தால் அது வேறு கதை. இன்ஜின் சூடேறும் முன்பே முழு வேகம் கொடுத்திருக்கிறார்கள். அலுமினியம் சூட்டில் விரிவது இரும்பைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. பிஸ்டன் சட்டுன்னு விரியும், சுற்றியுள்ள சிலிண்டர் தண்ணீரில் குளிர்ந்தே இருக்கும். நடுவில் இருந்த இடைவெளி காணாமப் போயிடும். அலை தாண்டுவதற்குள் ஃபுல் த்ராட்டில் முறுக்குபவர்களின் இன்ஜினில் இதைப் பார்க்கலாம்.

சுற்றிலும் எல்லாப் பக்கமும் உரசி, பிஸ்டனே சாம்பல் நிறத்தில் தீய்ந்திருந்தால் ஆயில் போடவே மறந்திருக்கலாம். தனி ஆயில் டேங்க் உள்ள மாடல் என்றால் ஆயில் பம்ப் வேலை செய்யலை. இதை மெக்கானிக் மேல் போட முடியாது, கேன் கலந்தவர் மேல்தான் போடணும்.

பிஸ்டன் தலையின் ஓரம் எலி கடிச்ச மாதிரி அரிபட்டு, மேலே மணல் கொட்டினது போலச் சின்னச் சின்னக் குழிகள் இருந்தால் அதன் பெயர் டெட்டனேஷன். எரிபொருள் சீராக எரியாமல் வெடித்திருக்கிறது. தரம் குறைந்த எரிபொருள், தப்பான இக்னிஷன் டைமிங், தலையில் கட்டி தட்டிய கார்பன் எல்லாமே காரணமாகலாம். மண்ணெண்ணெய் ஓட்டுபவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்கணும். மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன் எண் ரொம்பக் குறைவு. அதற்காகவே தயாரித்த இன்ஜின் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். கம்ப்ரஷனையும் அதற்கேற்றபடி குறைத்திருப்பார்கள். பெட்ரோலுக்கு மட்டும் செய்த இன்ஜினில் செலவு மிச்சம்னு மண்ணெண்ணெய் கலந்து ஊற்றினால் பிஸ்டன் அடி வாங்கிக்கொண்டே இருக்கும். பழைய ஓனர் ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவியிருந்தாலும் இதே கதைதான். கம்ப்ரஷன் கூடும், வேகம் கூடும், பிஸ்டன் ஆயுசு குறையும்.

தலையின் நடுவில் உருகி ஓட்டை விழுந்திருக்கா? சூடு தாங்காத தப்பான பிளக் போட்டிருக்கலாம், அல்லது கலவை மிக மெலிசாகிப் போயிருக்கலாம். பிளக் வாங்கும்போது 'சைஸ் சரியா இருக்கு' என்பது மட்டும் போதாது. நம்பர் அப்படியே பொருந்தணும்.

இன்னொன்று, பார்க்க நல்லதாகத் தெரிந்து ஏமாற்றும். ஒரு பிஸ்டன் தலை கரியோடு இருக்க, இன்னொன்று மட்டும் துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருக்கும். அது நல்ல பிஸ்டன் இல்லை. ஹெட் கேஸ்கட் வழியே தண்ணீர் கசிந்து, நீராவி கரியைக் கழுவியிருக்கிறது. புது பிஸ்டன் போட்டு, பழைய வளைந்த ஹெட்டையே மாட்டினால் கசிவு தொடரும்.

பிஸ்டன் தலையிலும் ஹெட்டிலும் சுத்தியலால் குத்தின மாதிரி தழும்புகள் இருந்தால், உள்ளே இரும்புத் துண்டு ஏதோ ஆடியிருக்கு. உடைந்த ரிங்கா, கனெக்டிங் ராட் மேல்முனை பேரிங்கின் ஊசிகளா? ஊசிகளை எண்ணிப் பார்க்கணும். பிஸ்டனில் ஒரு துண்டு காணோம் என்றால் அது கிராங்க் கேஸுக்குள்தான் கிடக்கும். அதைப் பிரித்துக் கழுவாமல் மேலே மட்டும் புது பிஸ்டன் போடுவது வேலைக்காகாது. அந்தத் துண்டே புதுசையும் தின்னுடும்.

ஒண்ணு போச்சா, ரெண்டும் போச்சா?

ரெண்டு சிலிண்டர் இன்ஜினில் காரணத்தை நெருங்க இந்த ஒரு கேள்வி போதும், பாதி வேலை முடிந்த மாதிரி.

ரெண்டு பிஸ்டனும் ஒரே மாதிரி போயிருந்தால், ரெண்டுக்கும் பொதுவான ஒன்றில் கோளாறு. ஆயில் கலந்த அளவு, எரிபொருள் பம்ப், டேங்க் ஹோஸ், வாட்டர் பம்ப், இக்னிஷன் டைமிங் இவற்றில் ஏதோ ஒன்று. ஒரே ஒரு பிஸ்டன் போயிருந்தால், அந்த சிலிண்டருக்கு மட்டும் உரியதைத் தேடணும். தனித்தனி கார்புரேட்டர் உள்ள மாடலில் அந்தப் பக்க ஜெட் அடைத்திருக்கலாம். ரீட் வால்வு இதழ் உடைந்திருக்கலாம். மேல் சிலிண்டர் மட்டும் போயிருந்தால் கிராங்கின் மேல் ஆயில் சீலை முதலில் பாருங்க. சீல் காய்ந்து வெடித்திருந்தால் அந்த வழியே வெளிக்காற்று உள்ளே போகும். எரிபொருள் அதே அளவு, காற்று மட்டும் கூடுதல். கலவை மெலிந்து, அந்த ஒரு பிஸ்டன் மட்டும் தீயும். ஒரு சின்ன ரப்பர் வளையம்தான், ஆனால் அதை மாற்றாமல் பிஸ்டன் மட்டும் மாற்றியதால் மறுபடி சீஸ் ஆன இன்ஜின்களுக்குக் கணக்கே கிடையாது.

கார்புரேட்டரில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி படிந்திருந்தால் எரிபொருளில் தண்ணீர் இருந்திருக்கு. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணம் கொண்டது. கடற்கரை ஈரக்காற்றில் கேன் பல நாள் கிடந்தால், எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும். அந்த அடித் தண்ணியில் ஆயில் கலக்காது. இன்ஜின் அதை உறிஞ்சும் நேரத்தில் ஆயிலே இல்லாமல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தேவைக்கு மட்டும் கலந்து, மிச்சத்தைப் பல வாரம் வைக்காமல் இருப்பது நல்லது.

பாக் விரிகுடாவின் சேறும் கடற்புல்லும்

அவுட்போர்டு இன்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது. கீழே ப்ரொப்பெல்லர் பக்கத்தில் உள்ள துளைகள் வழியே கடல் தண்ணியையே உறிஞ்சி, சிலிண்டரைச் சுற்றி ஓட விட்டு வெளியே தள்ளும். உறிஞ்சுவது இம்பெல்லர் என்ற சின்ன ரப்பர் சக்கரம்.

பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். கரையோரம் சேறு, அதைத் தாண்டினால் கடற்புல். இந்தக் கடற்புல்லை மேயும் கடல்பசுவுக்காகத்தான் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் கடல்பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. கடல்பசுவுக்கும் மீனுக்கும் இந்தப் புல் வரம். இன்ஜினின் தண்ணீர்த் துளைக்கு அப்படியில்லை. ஆழம் குறைந்த இடத்தில் சேற்றைக் கிளறிக்கொண்டு ஓட்டும்போது இம்பெல்லர் அந்தச் சேற்றையும் சேர்த்தே உறிஞ்சும். ரப்பர் தேயும், உள்ளே உள்ள தண்ணீர்ப் பாதையில் உப்பும் சேறும் கல் மாதிரி இறுகும்.

அதனால் இங்கே ஓடிய பழைய இன்ஜினில் பிஸ்டன் புகைப் பக்கம் தீய்ந்திருந்தால், கார்புரேட்டரைக் குறை சொல்லும் முன் இம்பெல்லரையும் தெர்மோஸ்டாட்டையும் கழற்றிப் பார்க்கணும். இம்பெல்லரில் ஒரு இதழ் உடைந்திருந்தால் அந்தத் துண்டு எங்கே என்று தேடணும். மேலே தண்ணீர்ப் பாதையில் போய் அது அடைத்துக்கொண்டிருக்கும்.

வாங்கும்போதே இதைச் சோதிக்க டிரம்மில் தண்ணீர் நிரப்பி இன்ஜினை இறக்கி ஓட்டிப் பார்க்கணும். பக்கவாட்டுத் துளையில் இருந்து தண்ணீர் விட்டு விட்டு வராமல் நல்லா பீச்சி அடிக்கணும். 'சும்மா ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன்' என்று தண்ணீர் இல்லாமல் ஓட்ட விடாதீங்க. தண்ணியில்லாமல் சுற்றினால் இம்பெல்லர் ரப்பர் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும்.

தண்ணியில் மூழ்கிய இன்ஜின் என்றால்?

2018 நவம்பர் 16 அதிகாலை கரை கடந்த கஜா புயல், இந்தக் கடற்கரை நெடுக படகுகளையும் இன்ஜின்களையும் வாரிச் சுருட்டிப் போட்டது. புயல் இல்லாத காலத்திலும் படகு கவிழ்ந்தோ, அலையில் அடிபட்டோ இன்ஜின் கடலில் மூழ்குவது உண்டு. எடுத்த உடனே நல்ல தண்ணியில் கழுவி, ஆயில் விட்டு ஓட்டியிருந்தால் பிழைக்கும். சில நாள் அப்படியே கிடந்திருந்தால் உப்புத் தண்ணி பேரிங்கைத் தின்ன ஆரம்பிச்சிருக்கும். வெளியே புது பெயின்ட் இருந்தாலும், போல்ட் தலைகளின் இடுக்கிலும், ஃப்ளைவீலுக்கு அடியிலும், ஸ்டார்ட்டர் ஸ்பிரிங்கிலும் உள்ள துரு காட்டிக்கொடுக்கும். அப்படிப்பட்ட இன்ஜினில் பிஸ்டன் மாற்றுவதோடு நிற்க முடியாது. கிராங்க் முழுக்கப் பிரிக்கணும். அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்துத்தான் விலை பேசணும்.

டீசல் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு?

நீளத் தண்டு வைத்த டீசல் இன்ஜின் ஃபோர்-ஸ்ட்ரோக் என்பதால் கதை கொஞ்சம் மாறும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுன்னு வந்தால் ரிங் தேய்ந்திருக்கு. நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கலைன்னா தண்ணீர்க் கசிவோ, கம்ப்ரஷன் குறைவோ, இன்ஜெக்டர் கோளாறோ இருக்கலாம். டீசலில் பிஸ்டன் தலை உருகியிருந்தால் முதல் சந்தேகம் இன்ஜெக்டர் மேல்தான். டீசலைப் புகையாகத் தூவாமல் சொட்டுச் சொட்டாக விட்டால், சொட்டு விழுந்த இடமே உருகும். இன்ஜெக்டரை டெஸ்ட் பண்ணாமல் பிஸ்டன் வாங்கப் போகாதீங்க.

புது பிஸ்டன் போடும்போது...

காரணம் கிடைத்து, அதைச் சரி பண்ணியாச்சு என்றால் மீதி வேலை லேத்தில். சிலிண்டரின் உள்ளளவை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக போர் கேஜ் வைத்து அளக்கணும். வட்டம் கோணியிருந்தாலோ, ஆழமாகக் கீறியிருந்தாலோ போரிங் பண்ணி 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். முதலில் பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அதை அளந்து அதற்கேற்ப போரிங் பண்ணச் சொல்வதுதான் சரியான வரிசை. பழைய இன்ஜின் ஏற்கெனவே கடைசி ஓவர்சைஸுக்குப் போயிருந்தால் லைனரையே மாற்ற வேண்டியிருக்கும். பிஸ்டன் தலையில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். வாங்கும் நாளிலேயே எண்டோஸ்கோப்பில் அந்த எண் தெரிகிறதா என்று பாருங்க.

கேஸ்கட், ஆயில் சீல், இம்பெல்லர் மூன்றும் பிஸ்டனோடு சேர்த்தே மாற்ற வேண்டியவை. 'பழசு நல்லாத்தானே இருக்கு' என்று மிச்சம் பிடித்தால், ஒரு சீல் காசுக்காக முழு வேலையும் ரெண்டாவது தடவை செய்ய வேண்டி வரும்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருப்பதால் அவர்கள் இன்ஜின் வேலையை அப்போது வைத்துக்கொள்வார்கள். நாட்டுப்படகுக்கு அப்படி ஓய்வு கிடையாது. அந்த அவசரத்தில், புது பிஸ்டன் போட்ட மறுநாளே வலையோடு கிளம்பி விடுகிறார்கள். குறைந்தது முதல் சில மணி நேரமாவது வலை இல்லாமல், கரை தெரியும் தூரத்தில், பாதி த்ராட்டிலுக்குள், வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டணும். ஆயில் அளவு கம்பெனி மேனுவலில் 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. பழக்கப்படுத்தும் காலத்தில் பல கம்பெனிகள் 25க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மில்லி கேட்கும். மண்ணெண்ணெய் மாடலுக்குக் கணக்கு வேறு, அதன் மேனுவலைப் பார்த்துக்கொள்ளவும். மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல் அளவு டப்பா ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

முதல் டேங்க் தீர்ந்ததும் இன்ஜினை ஆற விட்டு, பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்து, கம்ப்ரஷனை மறுபடி எடுத்து அந்த எண்ணை இன்ஜின் மூடியின் உள்பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்க. அடுத்த முறை சந்தேகம் வரும்போது ஒப்பிட அதுதான் உதவும். கடலில் இன்ஜின் நின்று உதவி தேவைப்பட்டால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. ரெண்டு எண்ணையும் அதே மூடியில் எழுதி வைக்கலாம்.